டேம் கரைக்கு எல்லாரும் போய்ச் சேர ஒரு வழி



ஞாயிற்றுக்கிழமை காலையில் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய ரோட்டில் இப்படி ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு வான் வந்து முடக்கில் நிற்கிறது. கொழும்புப் பக்கமிருந்து வந்த குடும்பம். பிள்ளைகள் குதித்து இறங்கிக் கரைப் பக்கம் ஓடுகிறார்கள். பெரியவர்கள் படம் பிடிக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் வானுக்குள்ளேயே உட்கார்ந்து கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பார்க்கிறார். அவருடைய சக்கர நாற்காலி பின்னால் மடித்துக் கிடக்கிறது. இறக்கினால் அதை வைக்க இடமில்லை. ஒரு பக்கம் கான். மறுபக்கம் ஹோர்ன் அடித்துக்கொண்டு வளைந்து வரும் பஸ்.

அந்த வழியாகக் குடத்தோடு போகும் நம் பிள்ளையை டிரைவர் கூப்பிடுகிறார்.

"தங்கச்சி, இங்க கிட்டத்துல கக்கூஸ் ஏதும் இருக்கா?"

"இல்லீங்கண்ணே. டவுனுக்குத்தான் போகணும்."

அதே நேரம் ரோட்டுக்கு மேலே, லயத்து இஸ்தோப்பில் ஓர் அம்மாயி உட்கார்ந்திருக்கிறார். பேர் பதிந்த நாளிலிருந்து அந்தத் தண்ணீருக்கு மேலே உள்ள மலைகளில்தான் கொழுந்து எடுத்தார். இப்போது இரண்டு முழங்காலும் ஓய்ந்துவிட்டன. லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் கல்படிகளுக்குக் கைபிடி கிடையாது. அந்த அம்மாயி கரைக்குப் போய் வருஷக்கணக்காகிறது.

வானுக்குள் இருக்கிற பாட்டிக்கும் இஸ்தோப்பில் இருக்கிற அம்மாயிக்கும் வேண்டியது ஒன்றுதான். ஆபத்தில்லாமல் வண்டி நிறுத்த ஓர் இடம், படி இல்லாத ஒரு பாதை, உட்கார ஒரு வாங்கு, கதவு அகலமான ஒரு மலசலகூடம். இவை எப்படி இருக்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், இதில் நமக்கு என்ன பங்கு என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நம்முடைய பள்ளத்தாக்கு

அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி வரை போகும் பகுதியில் இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள் உண்டு. கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் காசல்ரீ அணை முடிக்கப்பட்டது. மஸ்கெலியா ஓயாவை மறித்து 1969இல் மவுசாகலை அணை முடிக்கப்பட்டது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918லேயே எடுத்துச் சொன்ன பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. காசல்ரீ தண்ணீர் போய்ச் சேரும் மின் நிலையத்துக்கு அவருடைய பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மவுசாகலைத் தண்ணீர் கெனியன் மின் நிலையத்துக்குப் போகிறது. இரண்டு ஆறுகளும் கீழே ஒன்றாகிக் களனி கங்கை ஆகின்றன.

மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் தண்ணீர் வற்றும்போது பழைய கோயிலும் மற்றைய கட்டடங்களின் மிச்சங்களும் வெளியே தெரியும். அதைப் பார்க்கச் சனம் திரளும். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களும் இந்த ரோட்டால்தான் போகிறார்கள். காசல்ரீக் கரையில் 1878இல் கட்டப்பட்ட வோர்லி தேவாலயத்தைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு.

ஆக, சனம் வருவதை நாம் நிறுத்த முடியாது. அவர்கள் வந்து எங்கே நிற்பது, எங்கே நடப்பது, எங்கே ஒதுங்குவது என்பதை ஒழுங்கு செய்யலாம். ஒழுங்கு இல்லாவிட்டால் வண்டி முடக்கில் நிற்கும். ஒதுங்குகிறவர்கள் தேயிலைக்குள் ஒதுங்குவார்கள். மறுநாள் காலையில் அதே மலைக்குக் கூடையோடு போவது நாம்தான்.

யாருக்கு இந்த வசதி?

"அங்கவீனர் எத்தனை பேர் வரப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர் மட்டும் என்று நினைத்தால் கணக்கு சிறியதாகத்தான் தெரியும். ஆனால் முழங்கால் தேய்ந்த முதியவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைப்பிள்ளையோடு வரும் தாய், வாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர், சீனி வியாதியால் காலில் புண் உள்ளவர், கண் பார்வை மங்கியவர், மலையில் வழுக்கிக் கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டவர் என்று எல்லாரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு லயத்திலும் இப்படி யாராவது இருப்பார்கள். இன்றைக்கு மலையில் ஓடி ஏறும் நமக்கும் ஒரு நாள் அந்த முறை வரும். அவர்களுக்குச் சரியான பாதை மற்ற எல்லாருக்கும் சுகமான பாதை.

வண்டி நிறுத்தும் இடம்

முதல் விதி: முடக்கில் வேண்டாம். இரண்டு பக்கமும் தூரத்துக்கு ரோட்டுத் தெரியும் நேர்ப் பகுதியில்தான் வாகனத் தரிப்பிடம் இருக்க வேண்டும். உள்ளே போன வண்டி திரும்பி முன்பக்கமாக ரோட்டுக்கு வர இடம் விட வேண்டும். பஸ் பின்னுக்கு வந்து ரோட்டில் ஏறுவது பெரிய ஆபத்து.

சாதாரண வண்டிக்கு 8 அடி அகலம் போதும். அங்கவீனர் வரும் வண்டிக்கு 12 அடி வேண்டும். கதவை முழுதாகத் திறந்து, பக்கத்தில் சக்கர நாற்காலியை வைத்து, ஆள் அதில் மாறி உட்காரத்தான் அந்த மிச்சம் 4 அடி. நம் லயத்துக் காம்பராவை நினைத்துக்கொள்ளுங்கள். 10க்கு 12 என்றால் அதன் நீளப் பக்கம் எவ்வளவோ, அவ்வளவு அகலம். பின்கதவால் நாற்காலியை இறக்கும் வானுக்குப் பின்னாலும் வெளி இடம் வேண்டும்.

இந்த இடம் பாதை தொடங்கும் இடத்துக்கு ஆகக் கிட்டத்தில் இருக்க வேண்டும். தரை மட்டமாக இருக்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் இறக்கிய நாற்காலி தானாக உருளும். உருட்டுக்கல்லும் மணலும் போட்டால் சக்கரம் புதையும். கொங்கிரீட் அல்லது நன்றாக இறுக்கிய சரளை நல்லது. நாற்காலிச் சின்னத்தை நிலத்திலும் பலகையிலும் தெளிவாக எழுத வேண்டும். கூட்டமான நாளில் அதில் வேறு வண்டி ஏறாமல் பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இடம் வேண்டும் என்று மலையை நெட்டுக்குத்தாக வெட்டக் கூடாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் மலைநாடு பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. மண்சரிவு ஆபத்துள்ள பகுதியில் நிலத்தை வெட்டு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி எடுக்க வேண்டும். தண்ணீர் வற்றித் தெரியும் சேற்றுத் தரையிலும் வண்டியை இறக்கக் கூடாது. மின்சாரத் தேவைக்கும் மழைக்கும் ஏற்ப நீர்மட்டம் ஏறி இறங்கும். மேலே காய்ந்து தெரியும் சேறு கீழே காய்ந்திருக்காது.

படி இல்லாத பாதை

சக்கர நாற்காலிக்கு ஒரே ஒரு படியும் மதில் மாதிரித்தான். படிக்குப் பதிலாகச் சாய்வுப் பாதை போடலாம். ஆனால் எவ்வளவு சாய்வு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொதுவாக ஏற்றுக்கொண்ட அளவு 12க்கு 1. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரையடி உயரமான படி மூன்று இருக்கிறது. மொத்த உயரம் ஒன்றரை அடி. அப்படியென்றால் சாய்வுப் பாதையின் நீளம் 18 அடி. ரோட்டிலிருந்து பார்வையிடம் 5 அடி பள்ளத்தில் இருந்தால் 60 அடி வேண்டும். 10 அடிக் காம்பரா ஆறு உள்ள லயத்தின் நீளம் அது. அதையும் ஒரே மூச்சில் போடக் கூடாது. 30 அடிக்கு ஒரு தரம் 5 அடி மட்டமான இடம் விட வேண்டும். தள்ளுகிறவரும் உட்கார்ந்திருக்கிறவரும் அங்கே மூச்சு வாங்கலாம். பாதை 4 அடி அகலமாவது இருக்கட்டும். இரண்டு பக்கமும் 3 அடி உயரத்தில் கைபிடி வேண்டும். விளிம்பில் சக்கரம் நழுவாதபடி சிறு கட்டு வேண்டும்.

சில இடங்களில் இரண்டு மூன்று அடி நீளத்துக்குச் சீமெந்தைச் சரித்துவிட்டு "ரெம்ப் போட்டாச்சு" என்கிறார்கள். அதில் ஏற்றுகிறவருக்கு நெஞ்சு வலிக்கும். இறக்குகிறவர் கை நழுவினால் நாற்காலி ரோட்டில்தான் நிற்கும். தவறான சாய்வு படியைவிட ஆபத்தானது. கான் வெட்டிப் பழகிய நம் ஆட்களுக்கு வாட்டம் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மட்டப்பலகையும் அளவு நாடாவும் இருந்தால் சரியா பிழையா என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

"நம்ம மலையில மட்டமான பாதைக்கு எங்க போறது?" என்று கேட்கலாம். இதற்கு வேறொரு நாட்டு நீர்த்தேக்கப் பள்ளத்தாக்கு பதில் சொல்கிறது. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் இலான் பள்ளத்தாக்கு என்று ஓர் இடம் உண்டு. 73 மைல் தூரத்தில் உள்ள பர்மிங்ஹாம் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுபோக அங்கே அணைகள் கட்டினார்கள். 1893இல் வேலை தொடங்கி 1904இல் திறந்தார்கள். அங்கேயும் வீடுகளும் தேவாலயமும் பள்ளிக்கூடமும் தண்ணீருக்குள் போயின. சுமார் 100 பேர் இடம் பெயர்ந்தார்கள். நம் பழைய மஸ்கெலியாவின் கதை போலத்தான்.

அந்த அணைகளுக்குக் கல்லும் சீமெந்தும் கொண்டுபோக ஒரு ரெயில் பாதை போட்டிருந்தார்கள். ரெயில் செங்குத்தாக ஏறாது. அதனால் அந்தப் பாதை மலையைச் சுற்றி மெதுவாகவே ஏறியது. வேலை முடிந்து தண்டவாளத்தைக் கழற்றிய பிறகு, பிற்காலத்தில் அந்தத் தடத்தையே நடைபாதையாக்கினார்கள். 9 மைல் நீளமான அந்தப் பாதையின் பெரும்பகுதியில் இன்றைக்குச் சைக்கிளும் பிள்ளை வண்டியும் சக்கர நாற்காலியும் போகின்றன. பார்வையாளர் நிலையத்தில் அங்கவீனருக்கான வாகனத் தரிப்பிடமும் மலசலகூடமும் இருக்கின்றன.

நமக்கு அந்த ரெயில் பாதை இல்லை. ஆனால் கொழுந்து லொறி போகும் தோட்டத்து ரோட்டு இருக்கிறது. சுமை லொறிக்காக மலையைச் சுற்றி வாட்டமாக வெட்டிய ரோட்டு அது. நீர்த்தேக்கத்துக்கு மேலாகப் போகும் இப்படியான ரோட்டில் மட்டமான ஒரு துண்டைத் தேர்ந்து, குழியை அடைத்து, கானுக்கு மூடி போட்டால் பாதி வேலை முடிந்தது. லொறி வரும் நேரத்தையும் சனம் நடக்கும் நேரத்தையும் தோட்ட நிர்வாகத்தோடு பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். அதே ரோட்டில் நம் லயத்து அம்மாயியும் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.

பார்க்கும் இடம்

உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து நாலடிக்குக் கிட்டத்தான் இருக்கும். பாதுகாப்புக்கென்று நாலடிக் கட்டுச்சுவர் எழுப்பினால் அவர் சுவரைத்தான் பார்ப்பார். கீழே சிறு கட்டும், மேலே கம்பி வேலியும் போட்டால் பாதுகாப்பும் உண்டு, காட்சியும் உண்டு. கம்பிகளுக்கு நடுவில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. சிறு பிள்ளைகளின் தலை நுழையும்.

முதுகு சாய்க்கவும் கை ஊன்றி எழும்பவும் வசதியான வாங்குகள் போட வேண்டும். வாங்குக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி நிற்க இடம் விட்டால் குடும்பத்தோடு சேர்ந்து இருக்கலாம். அறிவிப்புப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கரை எங்கே திடீரென்று ஆழமாகிறது என்பதையும் அதில் எழுத வேண்டும்.

மலசலகூடம்

மற்ற எல்லாம் இருந்து இது இல்லாவிட்டால் பெண்களும் முதியவர்களும் வரவே மாட்டார்கள். வந்தாலும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். மலையில் வேலை செய்யும் நம் பெண்களுக்கு அந்தக் கஷ்டம் சொல்லாமலே தெரியும்.

கவனிக்க வேண்டியவை இவை:

1. கதவு 3 அடி அகலம். வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளும் கதவாக இருக்க வேண்டும். உள்ளே ஆள் விழுந்தால் உள்ளே திறக்கும் கதவைத் தள்ள முடியாது.
2. உள்ளே நாற்காலி சுற்றித் திரும்ப 5 அடி வட்டம் காலியாக இருக்க வேண்டும்.
3. குந்தும் பீங்கான் முழங்கால் நோவு உள்ளவருக்கு உதவாது. ஒன்றரை அடி உயரமான கொமட் வேண்டும். பக்கத்தில் பிடித்து எழும்பச் சுவரில் உறுதியான கம்பி வேண்டும்.
4. குழாயும் வாளியும் உட்கார்ந்தபடியே கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். திருகும் குழாயைவிடத் தட்டித் திறக்கும் குழாய் நல்லது.
5. வாசலில் படியோ உயர்ந்த நிலையோ வேண்டாம். தரை வழுக்கக் கூடாது.
6. சாமான் போட்டு வைக்கும் அறையாக அதை மாற்றக் கூடாது. பூட்டித் திறப்பை யாரோ கொண்டுபோகவும் கூடாது.

குழி வெட்டும் இடத்தை யோசித்துத் தீர்மானிக்க வேண்டும். கிணறு, ஊற்று, பீலிக்கரைக்கு 50 அடியாவது தள்ளி, அவற்றுக்குக் கீழ்ப்பக்கமாக இருக்கட்டும். நீர்த்தேக்கத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு நல்லது. இந்தத் தண்ணீர் களனி கங்கையில் சேர்ந்து கொழும்பு மக்களுக்குக் குடிநீராகவும் போகிறது.

கட்டித் திறப்பது ஒரு நாள் வேலை. கழுவுவது தினமும் வேலை. அதற்குச் சம்பளம் யார் கொடுப்பது என்பதைத் திட்டத்திலேயே எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் கதவு பூட்டிவிடும். தரிப்பிடக் கட்டணத்திலிருந்து அந்தச் சம்பளத்தைக் கொடுக்கலாம். கையுறையும் சவர்க்காரமும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இது யாரும் போடும் பிச்சையில்லை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. பொதுமக்கள் போகும் கட்டடத்துக்கோ இடத்துக்கோ அங்கவீனத்தைக் காரணம் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. பொது இடங்களில் செய்ய வேண்டிய அணுகு வசதிகள் பற்றிய விதிகள் 2006இல் வர்த்தமானியில் வந்தன. புதிய பொதுக் கட்டடங்களில் இந்த வசதிகள் இருக்க வேண்டும் என்று 2009இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கவீனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் இருக்கிறது, கேட்கிறவர்கள் இருந்தால்தான் அது கரை வரைக்கும் வரும்.

நாம் செய்யக் கூடியவை

முதலில், காணி யாருடையது என்று பாருங்கள். ரோட்டோரம் ஒரு திணைக்களத்துடையது. தேயிலை மலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. கரை, நீர்த்தேக்கத்தைப் பராமரிக்கும் மின்சாரத் துறையினருடையது. மூன்று பேரும் "எங்களுடையதில்லை" என்று கைகாட்டும்போதுதான் வேலை நிற்கிறது. பிரதேச சபையும் பிரதேச செயலகமும் மூவரையும் ஒரே மேசைக்குக் கூப்பிடலாம். கடிதத்தை அங்கே கொடுங்கள். திகதியோடு முத்திரை வைத்த பிரதியை வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, கடிதம் எழுது முன் ஒரு நாள் நடந்து பாருங்கள். சக்கர நாற்காலி பாவிப்பவர் ஒருவர், தடியூன்றி நடக்கும் முதியவர் ஒருவர், பிள்ளைத்தாய்ச்சி ஒருவர், இளைஞர் இருவர் போதும். எங்கே தடுத்தது, எத்தனை அடி, எத்தனை படி என்று எழுதுங்கள். "வசதி செய்து தரவும்" என்று மட்டும் எழுதும் கடிதம் கோப்புக்குள் தூங்கும். "இந்த வளைவுக்கு அப்பால் 60 அடி சாய்வுப் பாதை வேண்டும்" என்று எழுதினால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, திட்டம் ஏற்கெனவே வருவதாகக் கேள்விப்பட்டால் அதன் வரைபடத்தைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இது முக்கியம். வாகனத் தரிப்பிடத்துக்குத் தட்டையான நிலம் வேண்டும். நம் தோட்டங்களில் தட்டையான நிலம் எது? பிள்ளைகள் பந்தடிக்கும் இடம், லயத்தோரத்து மரக்கறித் தோட்டம், கோயில் திடல். நாம் பேசாமல் இருந்தால் வரைபடத்தில் அவைதான் வெறும் காணி என்று குறிக்கப்படும். வேலி அடித்த பிறகு சண்டை போடுவதைவிட வரைபட நாளிலேயே போய்ப் பேசுவது நல்லது.

நான்காவது, வேலையையும் கேளுங்கள். தரிப்பிடம் பார்க்க, துப்புரவு செய்ய, தேத்தண்ணியும் அவித்த கடலையும் விற்க, நாற்காலி தள்ளி உதவ, வழிகாட்ட ஆட்கள் வேண்டும். வேலை தேடிக் கொழும்புக் கடைகளுக்குப் போகும் நம் பிள்ளைகளில் சிலருக்காவது வீட்டிலிருந்தே செய்யும் தொழில் கிடைக்கும். தரிப்பிடத்தை வெளியாருக்குக் குத்தகைக்கு விடு முன், தோட்டத்து மாதர் சங்கத்துக்கோ இளைஞர் சங்கத்துக்கோ ஒரு பங்கு கேட்பது நியாயமான கேள்வி.

ஐந்தாவது, நம் கையால் முடிந்ததை இப்போதே செய்யலாம். லயத்துப் படிக்கட்டுக்கு ஒரு கைபிடி போட ஒரு குழாயும் ஒரு மூட்டை சீமெந்தும் ஒரு சிரமதான நாளும் போதும். அதற்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டியதில்லை.

மவுசாகலையும் காசல்ரீயும் கொடுக்கும் மின்சாரம் நாடெங்கும் போகிறது. அந்தத் தண்ணீரைச் சுற்றியுள்ள மலைகளில் வேலை செய்து கால் தேய்ந்தவர்கள் அதன் கரையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, காற்று வாங்கி, பேரப்பிள்ளைக்குப் பழைய கதை சொல்ல ஆசைப்படுவது பெரிய ஆசை ஒன்றுமில்லை. வானில் வந்த பாட்டிக்கும் அதே வாங்கில் இடம் இருக்கும்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விஷயமாக எடுங்கள். போகும்போது ஓர் அளவு நாடாவையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.